தப்பும் இரும்பும்: ஓர் இசைத்தட்டைப் பற்றிய முரண்பட்ட மதிப்பீடுகள்

மலையகத் தோட்டங்களில் ஒருகாலத்தில் நாளின் தொடக்கமே தப்பின் ஒலியாக இருந்தது. இருள் பிரியுமுன் லயங்களில் உறங்கியோரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. சாவு வீட்டிலிருந்து இடுகாடுவரை பிணத்துக்கு முன்னே சென்றதும் தப்பே. மாசி மாதத்துக் காமன் கூத்தில் இரதியையும் மன்மதனையும் ஆடவைத்ததும் தப்பே. ஆணை, துயரம், களிப்பு என்னும் மூன்றையும் ஒரே தோற்கருவி தாங்கிநின்றது. இன்று அக்கருவியைப் பற்றி மலையகத்தாரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அது சமூகத்தின் அடையாளம், மேடையேற்றப்பட வேண்டிய கலை என்பர் ஒரு சாரார். ஒரு சாதியார் மீது சுமத்தப்பட்ட இழிவின் சின்னமாகிய அதனைப் படித்த தலைமுறை கையிலெடுக்கலாகாது என்பர் மற்றொரு சாரார். மேடைக்கு வந்த தப்பு தன் உயிரை இழந்துவிட்டது என்போரும் உளர்.

இத்தகைய கருத்து வேறுபாடுகளை வெறும் விருப்பு வெறுப்புக்களின் மோதலாகக் கொண்டு ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், உழைப்பாளர் வாழ்விலிருந்து பிறக்கும் கலைகள் யாவும் ஏறத்தாழ இத்தகைய வழக்கையே எதிர்நோக்குகின்றன. பிறந்த இடம் பழிக்குக் காரணமாகின்றது. பின்னர் அதுவே புகழுக்கும் காரணமாகின்றது. இரு நிலைகளிலும் கலையின் உள்ளமைப்பு கவனிக்கப்படாது போய்விடுகின்றது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காண்பதற்குச் சேய்மையிலுள்ள எடுத்துக்காட்டொன்று துணைபுரியும். 1970ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் நாள் இங்கிலாந்தில் வெளிவந்த 'பரனொயிட்' என்னும் இசைத்தட்டே அது. பிளாக் சபத் என்னும் குழுவினரின் இவ்விசைத்தட்டு 'ஹார்ட் ரொக்' எனப்படும் வன்மைமிக்க ரொக் இசையின் செவ்வியல் ஆக்கங்களுள் ஒன்றாக இன்று கொள்ளப்படுகின்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதனைப் பற்றி அதன் சுவைஞர் உடன்பட்டாரல்லர்.

ஆலை நகரத்தின் இசை

பிளாக் சபத் குழுவின் நால்வரும் பேர்மிங்ஹாம் நகரின் அஸ்டன் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1948, 1949ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். இரண்டாம் உலகப்போரில் வானிலிருந்து குண்டு வீசப்பட்ட நகரம் அது. இடிபாடுகள் முற்றாக அகற்றப்படாத தெருக்களிலேயே அவர்களது இளமை கழிந்தது. பாடகர் ஓசி ஒஸ்போர்ன் இறைச்சிக் கொட்டிலிலும், மோட்டார் வண்டிகளுக்கான ஊதுகுழல்களைச் சுருதிசேர்க்கும் ஆலையிலும் பணியாற்றியவர். கிற்றார்க் கலைஞர் ரொனி அயோமி தகட்டு உலோக ஆலையொன்றின் தொழிலாளி. தமது பதினேழாம் வயதில், அவ்வேலையை விட்டு நீங்கவிருந்த இறுதி நாளிலே, இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளை அவர் இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை வலக்கையே. எரிகாயத்தால் இரு விரல்கள் செயலிழந்த பின்னரும் கிற்றார் மீட்டிய ஜங்கோ ரைன்ஹார்ட் என்பவரின் இசைத்தட்டினை ஆலையின் மேற்பார்வையாளர் அவருக்குக் கொடுத்துக் கேட்கச் செய்தார். அதன்பின் பிளாஸ்திக் போத்தலொன்றை உருக்கி விரல்நுனிகளுக்கு உறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி, அயோமி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்.

இக்குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டனில், ரொஜர் பெயின் என்பாரின் தயாரிப்பில், இரண்டாவது இசைத்தட்டு பதிவாகியது. எட்டு உருப்படிகளைக் கொண்ட இதற்கு முதலில் 'வார் பிக்ஸ்' என்றே பெயரிடக் கருதினர். மேலட்டையும் அப்பெயருக்கென்றே ஆக்கப்பட்டது. பின்னர் பெயர் மாறிற்று, அட்டை மாறவில்லை. இதனால், வாளும் கேடயமும் ஏந்திய உருவமொன்று தலைப்போடு தொடர்பின்றி இன்றுவரை அட்டையில் நிற்கின்றது. விற்பனையில் இத்தட்டு இங்கிலாந்தில் முதலிடத்தை எய்தியது. விமர்சகரோ அதனை வரவேற்றாரல்லர். குழுவின் முதற்றட்டினைக் 'கிரீம்' குழுவின் தரங்குன்றிய சாயலென லெஸ்ரர் பாங்ஸ் 'ரோலிங் ஸ்ரோன்' இதழில் எள்ளியிருந்தார். இரண்டாவதற்கு ரொபேர்ட் கிறிஸ்ற்கோ மிகத் தாழ்ந்த தரமே வழங்கினார். அதே 'ரோலிங் ஸ்ரோன்' 2017இல் 'ஹெவி மெட்டல்' இசையின் தலைசிறந்த நூறு தட்டுக்களை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் வைத்தது 'பரனொயிட்' தட்டையே. பழிப்பிலிருந்து புகழுக்கு நிகழ்ந்த இம்மாற்றத்தின்போது இசைத்தட்டில் ஓரடியும் மாறவில்லை. கேட்போரின் அளவுகோலே மாறியது.

சுவைஞரின் வழக்குகள்

தட்டினை விரும்புவோருக்கும் வெறுப்போருக்கும் இடையிலான வாதத்திலும், விரும்புவோருக்குள்ளேயே நிகழும் வாதம் ஆழமானது. அவ்வாதத்தில் மூன்று வழக்குகள் முதன்மையானவை.

முதலாவது, தலைப்புப் பாடல் பற்றியது. தட்டின் நீளம் போதாமையால் இறுதி நேரத்தில் மிக விரைவாக ஆக்கப்பட்ட உருப்படி அது. மூன்று நிமிடத்திலும் குறைவானது. குழுவினரை உலகறியச் செய்ததும் அதுவே. இதனை வானொலிக்கேற்ற இலகுவான சரக்கென்று கூறி, ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் 'வார் பிக்ஸ்' பாடலிலேயே குழுவின் உண்மையான ஆற்றலைக் காண்போர் பலர். மறுசாரார், உளச்சோர்வுற்ற ஒருவனின் நிலையை இத்துணைச் சுருக்கமாகவும் விரைவாகவும் வேறெப்பாடலும் உணர்த்தவில்லை என்பர். இவ்விரண்டாவது கருத்தைப் பாடலின் அமைப்பே அரண்செய்கின்றது. தலைப்பிலுள்ள சொல் பாடலில் எங்கும் வருவதில்லை. நோயின் பெயர் கூறப்படாமல், ஓய்வின்றித் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கிற்றாரின் ஒரே அடியில் நோய் கேட்கப்படுகின்றது. விரைந்து ஆக்கப்பட்டதென்பது உண்மையே. விரைந்து ஆக்கப்பட்டவை யாவும் ஆழமற்றவை என்பது அதனால் நிறுவப்படவில்லை.

இரண்டாவது வழக்கு பாடற்பொருள் பற்றியது. பாடல்களிற் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லமைத்தவர் கீசர் பட்லர். 'வார் பிக்ஸ்' போரை ஏவிவிட்டுத் தாம் ஒதுங்கியிருக்கும் அதிகாரத்தாரைச் சாடுகின்றது. 'எலெக்ட்ரிக் பியூனரல்' அணுப்போரின் அழிவைப் பேசுகின்றது. 'ஹாண்ட் ஒவ் டூம்' வியற்நாம் போரிலிருந்து மீண்ட படையினரைப் பற்றிய போதைப் பழக்கத்தைக் கருவாகக் கொண்டது. இவற்றைக் காலத்தின் மனச்சான்றாகப் போற்றுவோர் உளர். இவை முதிர்ச்சியற்ற இளைஞரின் அறவுரைகள், ஒரே சொல்லையே இயைபாக மீளவைக்கும் அளவுக்குச் சொல்வளம் குன்றியவை என்போரும் உளர். குழுவின் பெயரையும் இருண்ட தொனியையும் கொண்டு அதனைச் சாத்தான் வழிபாட்டோடு இணைத்துக் கண்டித்தவர்களும் இருந்தனர். இக்கடைசிக் குற்றச்சாட்டு பாடலைக் கேளாமல் எழுந்ததாகும். போர்வெறியர் இறுதித் தீர்ப்பின்முன் மண்டியிடுவதாகவே 'வார் பிக்ஸ்' முடிவுறுகின்றது. அது கிறித்தவப் பிரசங்கத்தின் அறநோக்கிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. சொல்வளம் பற்றிய குற்றச்சாட்டை அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஏட்டில் வைத்துப் படிப்போருக்குப் பல அடிகள் மெலிந்தே தோன்றும். ஆயின், அப்பாடல் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கின் ஒலியோடு தொடங்குகின்றது என்பதை மறத்தலாகாது. குண்டு விழுந்த நகரத்தில் பிறந்த தலைமுறைக்கு அவ்வொலி அணியன்று. பெற்றோரிடமிருந்து வந்த நினைவு. சொல் கூறாததை அச்சங்கும், அதன்கீழ் மெல்ல நகரும் கிற்றாரும் முன்னரே கூறிவிடுகின்றன. பாடலின் பொருளைச் சொல்லில் மட்டும் தேடுவோர் பாதியையே காண்கின்றனர்.

மூன்றாவது வழக்கு அமைப்புப் பற்றியது. 'பிளனற் கரவன்' என்னும் மூன்றாவது உருப்படி, பேரொலிகளுக்கிடையே தாழ்ந்த குரலிலே, கொங்கா முழவின் மென்மையான தாளத்தோடு செல்வது. சுழலும் ஒலிபெருக்கியொன்றினூடாகச் செலுத்தப்பட்ட குரல் அதில் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்கின்றது. வன்மையை நாடி வந்தோர் சிலருக்கு இது தடங்கல். தட்டின் ஓட்டத்தைத் தளர்த்துவது. வேறு சிலருக்கு இதுவே தட்டின் உச்சம். இவ்வுருப்படியை அடுத்து வருவது 'அயன் மேன்'. இரும்பு மனிதனின் காலடிபோன்ற அதன் முதல் அடிகள், முந்திய மோனத்தின் பின்னரே தம் முழுக் கனத்தையும் பெறுகின்றன. மென்மையை நீக்கிவிட்டால் வன்மை வெறும் இரைச்சலாகும் என்பதை இவ்வரிசையமைப்பு உணர்த்துகின்றது. இவ்விடயத்தில் தடங்கல் எனக் கருதுவோரின் செவி ஒவ்வோர் உருப்படியையும் தனித்தனியாகக் கேட்கின்றது. உச்சம் எனக் கருதுவோரின் செவி தட்டினை ஒரே ஆக்கமாகக் கேட்கின்றது. வேறுபாடு சுவையில் மட்டுமன்று. கேட்கும் முறையிலும் உள்ளது. எனினும், முழுமைவாதிகளுக்கும் ஓரிடத்தில் இடர்ப்பாடு உண்டு. பில் வார்ட்டின் முழவுத் தனியாவர்த்தனத்துக்கு இடந்தரும் 'ரற் சலட்' என்னும் பாடலற்ற உருப்படி, தட்டின் ஒட்டுமொத்த நோக்கில் எதனை நிறைவேற்றுகின்றது என்னும் கேள்விக்கு நிறைவான விடை கிடைப்பது அரிது. செவ்வியல் எனப் போற்றப்படும் ஆக்கத்திலும் தளர்ந்த இடம் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் அதன் மதிப்பைக் குறைத்துவிடாது.

பிறப்பிடமும் பெறுமதியும்

மேற்கூறிய வழக்குகள் யாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுவான கேள்வி கிடக்கின்றது. இவ்விசையின் கனம் எங்கிருந்து வந்தது? ஆலையிலிருந்து வந்தது என்பது இன்று பெருவழக்காகிவிட்ட விடை. ஆலை இயந்திரங்களின் ஓசையே கிற்றாரின் அடியாயிற்று. அறுந்த விரலே அவ்விசையின் ஊற்று என்பர். 'அயன் மேன்' பாடலில் இரும்பாக மாறும் மனிதனை ஆலைத் தொழிலாளியின் உருவகமாகக் காண்போரும் இவர்களே. எதிர்காலத்தின் அழிவைக் கண்டு எச்சரிக்க மீள்பவன், வழியில் இரும்பாகிப் பேச்சிழந்து, எவராலும் பொருட்படுத்தப்படாது, இறுதியில் தான் அஞ்சிய அழிவைத் தானே நிகழ்த்துகின்றான் என்பதே அதன் கதை. அது அறிவியற் கற்பனைக்கதை மட்டுமே என வாதிடுவோரின் எச்சரிக்கையும் கவனத்துக்குரியது. ஆயினும், உழைப்பு மனிதனை உணர்வற்ற பொருளாக்கும் நிலைக்கு அக்கதை இடங்கொடுக்கின்றது என்பதை மறுத்தல் கடினம்.

பிறப்பிடம் விளக்கந் தரும், தீர்ப்பு வழங்காது. பேர்மிங்ஹாம் நகரிலிருந்தே 'மூடி புளூஸ்' குழுவும் தோன்றிற்று. இசைக்குழாமோடு இணைந்த மென்மையான பாணி அவர்களுடையது. ஆலை நகரம் தன் மைந்தர் யாவருக்கும் ஒரே இசையை வழங்கவில்லை. விரலிழந்த தொழிலாளர் பலர் இருந்திருப்பர்; அவர் அனைவரும் கலைஞராகிவிடவில்லை. அயோமியின் இசைக்குக் காயம் காரணமன்று. காயத்தின்பின் நிகழ்ந்த கைத்திறனே காரணம். தந்தியைச் சிரமமின்றி அழுத்தத்தக்க மெல்லிய தந்திகளைத் தேர்ந்ததும், தன் கைக்கேற்ற உறையைத் தானே செய்ததும், 1971இல் வெளிவந்த மூன்றாவது தட்டிலே சுருதியையே தாழ்த்திக்கொண்டதும் தொழிலாளியின் அறிவு கலையாக மாறிய படிகளாகும். துன்பத்தைப் போற்றுவோர் இவ்வறிவைக் காணத் தவறுகின்றனர். 1970இல் பழித்த விமர்சகர் தொழிலாளரின் முரட்டுத்தனத்தைக் கேட்டனர். பின்வந்த புகழாளர் தொழிலாளரின் துயரத்தைக் கேட்டனர். தொழிலாளரின் திறனைக் கேட்டோர் இரு காலத்திலும் சிலரே.

மீண்டும் பெரட்டுக்களம்

இவ்வெடுத்துக்காட்டு மலையகத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பேர்மிங்ஹாம் நகரை இரும்பு நகரமாக்கிய அதே பிரித்தானிய முதலாளித்துவமே ஹற்றன், நுவரெலியா மலைகளைத் தேயிலை நிலமாக்கியது. கேன்ஸ்பரோ நகரின் மார்ஷல் ஆலையிலும் பெல்பாஸ்ற் நகரின் சிரொக்கோ ஆலையிலும் செய்யப்பட்ட இயந்திரங்களே இம்மலைகளின் தொழிற்சாலைகளில் கொழுந்தை உருட்டவும் உலர்த்தவும் வந்திறங்கின. அங்கே சங்கு, இங்கே தப்பு. வேலைக்கும் ஆபத்துக்கும் அழைத்த ஒலியைத் தம் கலையின் ஒலியாக மாற்றிக்கொண்டமை இரு சாராருக்கும் பொதுவானது. பெரட்டுக்கு அழைத்த கருவியையே காமன் கூத்துக்கும் அடித்த தோட்டத் தொழிலாளி, ஆணையின் குரலைத் தன் வழிபாட்டின் குரலாக்கிக்கொண்டான்.

ஆயின், ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையே வழக்கின் உயிர்நிலை. பேர்மிங்ஹாம் இளைஞர் கிற்றாரைத் தாமே தெரிந்தெடுத்தனர். தப்பு அதனை அடித்தவரால் தெரிந்தெடுக்கப்பட்டதன்று. பிறப்பின் பேரால் விதிக்கப்பட்டது. சாவு வீட்டில் அடிக்க மறுக்கும் உரிமை அவருக்கு நெடுங்காலம் இருக்கவில்லை. ஆதலின், தப்பைத் தொடமாட்டேன் என்று கூறும் இளைஞனைத் தன் பண்பாட்டை வெறுப்பவனெனப் பழித்தல் அநீதியாகும். அவன் மறுப்பது கலையையன்று, கட்டாயத்தை. இவ்வேறுபாட்டை உணராது தப்பினை அடையாளமென முழங்குவோர், பேர்மிங்ஹாமின் காயத்தைப் போற்றியோர் செய்த தவற்றையே இங்கு மீளச் செய்கின்றனர். இழிவென்று ஒதுக்குவோரும் பெருமையென்று ஏந்துவோரும் ஒரே கேள்வியையே கேட்கின்றனர்: அடிப்பவர் யார்? கேட்கப்படவேண்டிய மற்றொரு கேள்வி உண்டு: அடிக்கப்படுவது யாது?

அக்கேள்விக்கு விடை காணுவோர், தப்பின் தோல் நெருப்பில் காய்ச்சப்பட்டு உரிய இறுக்கம் பெறும் பக்குவத்தை அறிதல் வேண்டும். ஒரு கையில் தடித்த குச்சியும் மறுகையில் மெல்லிய நீண்ட குச்சியுமாக இருவேறு ஒலிகள் பின்னப்படும் முறையை அறிதல் வேண்டும். லயத்தின் வாசலில் நிற்பவர், கண்ணாற் காணாமலே, வருவது சாவா திருவிழாவா என்பதை அடியைக் கொண்டு உணர்ந்துகொள்வர். இது ஒரு மொழி. அதற்கு இலக்கணம் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. அழிந்துபோகக்கூடிய சொற்செல்வத்தைக் காத்த அரும்பணி அது. ஆயின், அச்சு சொல்லைக் காக்கும். அடியைக் காக்க அதனால் இயலாது. 'வார் பிக்ஸ்' பாடலை ஏட்டில் படிப்போர் அடையும் அதே குறைபாட்டை, தப்பின்றி மலையகப் பாடலைப் படிப்போரும் அடைவர். ஆதலின், ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் உரிய அடிகளைப் பதிவுசெய்தலும், அவற்றின் கட்டமைப்பை ஆராய்தலும், அவற்றை அறிந்த முதியோரை ஆசிரியராக மதித்தலும் ஆய்வாளர் முன்னுள்ள பணிகளாகும். மதித்தல் என்பது மேடையில் மாலை சூட்டுவதோடு முடிந்துவிடுவதன்று. கற்பிப்போருக்குரிய ஊதியத்தையும் உட்கொண்டது. கட்டாயம் நீங்கி, எச்சாதியாரும் தாமே விரும்பிக் கற்கத்தக்க கலையாகத் தப்பு மாறும்போதே அதன் மீதான இழிவு நீங்கும்.

2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பிளாக் சபத் குழுவின் நால்வரும் தாம் பிறந்த அஸ்டன் பகுதியிலுள்ள வில்லா பார்க் அரங்கில் இறுதி முறையாக ஒன்றுகூடி இசைத்தனர். அம்மாதம் 22ஆம் நாள் ஒஸ்போர்ன் காலமானார். பிறந்த தெருவுக்கு அருகிலேயே, தாம் தெரிந்தெடுத்த இசையோடு, ஊரார் முன்னிலையில் விடைபெறும் பேறு அவருக்கு வாய்த்தது. ஒருகாலத்தில் அவ்விசையை இரைச்சலென்று ஒதுக்கிய உலகமே அன்று அதனைச் செவிமடுத்தது. 'பரனொயிட்' தட்டின் தலைப்புப் பாடல் சிறந்ததா, 'வார் பிக்ஸ்' சிறந்ததா என்னும் வழக்கு அன்றும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. தீராமையில் குறையில்லை. கலையின் உள்ளமைப்பைப் பற்றி வழக்காடுவோர் அக்கலைக்குரிய மரியாதையைச் செலுத்துகின்றனர். தப்பைப் பற்றி மலையகத்தில் நிகழும் வழக்கு சாதி, அடையாளம் என்பவற்றின் எல்லையைக் கடந்து, எந்த அடி சிறந்தது, எவர் கை நுட்பமானது என்னும் வழக்காக என்று மாறுகின்றதோ, அன்றே அக்கருவி கலைக்கருவி என்னும் தகுதியை முழுமையாகப் பெற்றதாகும்.